முகாம் மண்ணுக்கு ஒரு நன்றியுரை

முகாம் மண் துப்புரவுத் திட்டத்தின் மதிப்புக்குரிய பணிப்பாளர் அவர்களுக்கு,

இவ்வளவு பிந்திய இரவில் எழுதுவதற்கு மன்னியுங்கள். மகள் உறங்கிய பிறகுதான் என் கைகள் எனக்குக் கிடைக்கின்றன. இன்று காலை சிறுவர் பூங்காவின் நாடாவை வெட்டியதும், நன்றியுரைக்கு நில்லாமல் தாங்கள் புறப்பட்டுவிட்டீர்கள். அந்த நன்றி தங்களைச் சேர வேண்டியது என்பதால், மேடையில் நான் பேசியதை அப்படியே எழுதி அனுப்புகிறேன்.

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். அவைக்கு அணியாய் அமர்ந்து தலைமை தாங்கும் நளீம் ஹாஜியார் அவர்களே! மேடையை நிறைத்திருக்கும் அதிகாரிகளே, மேடையில் இடமில்லாமல் முன்வரிசையை நிறைத்திருக்கும் அதிகாரிகளே! கல்முனையிலிருந்தும் பாண்டிருப்பிலிருந்தும் வந்திருக்கும் பெரியோர்களே! பிள்ளையை இடுப்பிலும் பொறுமையை நெஞ்சிலும் சுமந்து வெயிலில் நிற்கும் தாய்மார்களே! பந்தலின் நிழல் உங்கள் வரைக்கும் எட்டவில்லை. அதற்கும் சேர்த்தே நான் நன்றி சொல்லிவிடுகிறேன்.

நாம் நிற்கும் இந்த நிலம் எது? முப்பது ஆண்டுகள் முள்வேலிக்குள் முடங்கிக் கிடந்த இராணுவ முகாம். துப்பாக்கி ரவைகளுக்கு வெடிமருந்து நிரப்பிய பட்டறை இருந்தது இங்கே. பழுதான மருந்தைக் குழி வெட்டி எரித்தது இங்கே. ஈயமும், பெயர் தெரியாத இன்னும் எத்தனையோ நஞ்சும் ஊறிக் கிடந்தது இங்கே. இன்றோ ஊஞ்சல் ஆடுகிறது, சறுக்குப்பலகை மினுங்குகிறது, தூய மண் என்று அறிவிப்புப் பலகை அடித்துச் சொல்கிறது. யாரும் ஐயப்பட வேண்டாம். நான் இரசாயனவியல் படித்தவள். ஆய்வுகூடச் சான்றிதழை இரண்டு தடவை வாசித்தேன். ஓர் எழுத்தும் பொய் இல்லை.

ஒன்றே ஒன்றைத்தான் அது சொல்லவில்லை. இங்கே இருந்த மண் எங்கே போனது?

அங்கே சிலர் ஏன் தலையைக் குனிகிறீர்கள்? நான் இன்னும் பெயர் சொல்லத் தொடங்கவில்லையே.

நம் ஊரில் மகள் பிறந்தால் அவளுக்கென்று ஒரு வீடு எழும்ப வேண்டும். மாப்பிள்ளை அந்த வீட்டுக்குத்தான் வருவார். கடலுக்கும் வயலுக்கும் நடுவில் நமக்கு மிஞ்சியிருப்பதோ பள்ளக்காணி. மாரியில் முழங்கால் தண்ணீர். மண் போட்டு உயர்த்தாமல் அத்திவாரம் வெட்ட முடியாது. அதனால் மகளைப் பெற்ற வாப்பாமார் பாதி ஆயுளை மண் தேடியே கழிக்கிறார்கள். அப்படிப்பட்ட ஊரில், முகாமில் மண் அள்ளுகிறார்களாம், கேட்டவருக்கெல்லாம் சும்மா கொடுக்கிறார்களாம் என்று ஒரு பேச்சு விழுந்தால் என்ன நடக்கும்? வரிசை நடந்தது. சிபாரிசுக் கடிதம் நடந்தது. மண் அள்ளும் ஒப்பந்தகாரரின் மச்சான் எந்தத் தெருவில் இருக்கிறார் என்ற விசாரணை நடந்தது. நஞ்சுக்கு நாங்கள் முண்டியடித்தோம் சபையோரே! கிடைத்தவர் நெஞ்சை நிமிர்த்தினார். கிடைக்காதவர், அநீதி என்று மனு எழுதினார். அந்த மனு எழுதிய சகோதரர்களே, உங்களுக்கு என் மனமார்ந்த வாழ்த்துகள்.

என் வாப்பா அச்சிமுகம்மதுவுக்கு முதல் நாளே பதினான்கு லோட் கிடைத்தது. கொண்டுவந்து கொட்டிய பாண்டிருப்புச் செல்லத்தம்பி அண்ணன், உழவு மெசினை விட்டு இறங்கி விரலை முகர்ந்து பார்த்தார்.

“இந்த மண் ஒரு மாதிரி மணக்குது காக்கா. கையும் கடிக்குது.”

“ஆமிக்காரன்ட மண் எண்டா அப்பிடித்தான், கொஞ்சம் முறுக்காத்தான் இரிக்கும்” என்றார் வாப்பா. எல்லோரும் சிரித்தோம். நானும்தான்.

அந்த மண்ணின் மேல் என் வீடு. அந்த முற்றத்தில் என் மகள் ஹம்னா. இரண்டரை வயது. சோற்றைத் துப்புவாள், மண்ணை விழுங்குவாள். நான் போட்ட பூசணி விதை முளைத்த மூன்றாம் நாளே கருகியது. அன்று தொடங்கி அவள் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். திட்ட அலுவலகத்துக்குப் போனேன். உத்தியோகத்தர் மரியாதையாகக் கதிரை தந்தார். முகாம் எல்லைக்குள் இருக்கும் மண்ணைத்தான் பரிசோதிக்கலாமாம். எல்லை தாண்டிய மண் அவர்களுடைய மண் இல்லையாம். அது தானாக நடந்து போனதா என்று கேட்டேன். தேநீர் தந்தார்.

சரி, மண் எடுத்த பதினேழு வீட்டு வளவுக்காரரும் சேர்ந்து கேட்போம் என்று வீடு வீடாக ஏறினேன். பக்கத்து வீட்டுச் சபியா ராத்தா கதவைச் சாத்திவிட்டுத்தான் கதைத்தார்.

“வாயப் பொத்திட்டு இரி புள்ள. என்ட மூத்தவளுக்குப் பேச்சு நடக்குது. ஊட்டு மண்ணுல நஞ்சு எண்டு கேள்விப்பட்டா எந்த மாப்புள வருவான்?”

நியாயமான கேள்வி. மாப்பிள்ளை வரமாட்டார். ஆனால் ராத்தா, நாம் மறைத்தால் மாப்பிள்ளை வருவார், பின்னால் பேரப்பிள்ளை வரும். அது தவழும்.

இந்த வேலிப் பக்கம் போகாதே என்று பிள்ளைகளை அடித்து வளர்த்த ஊர் இது. இன்று நான் என் மகளுக்குச் சொல்கிறேன்: முற்றத்தில் இறங்காதே, முகாமுக்குப் போய் விளையாடு. வீடு முகாமாயிற்று, முகாம் பூங்காவாயிற்று. இதைவிடத் துப்புரவான துப்புரவை உலகம் கண்டதுண்டா?

மண் எடுத்தவர்கள் கையை உயர்த்துங்கள். முதல் வளவு என்னுடையது.

வாப்பா, ஏன் எழும்புகிறீர்கள்? ஒலிவாங்கியை நிறுத்தச் சொல்லவா? இல்லையாம். பின்வரிசைக்குக் கேட்காது, நான் சொல்கிறேன் சபையோரே. “நான்தான் ஓடிப்போய்க் கேட்டு எடுத்தன் மகள். என்ட பேர எழுது” என்கிறார்.

அங்கே ஒரு கை. அந்தப் பக்கம் ஐந்து. ஓம் தம்பி, உங்களையும் கண்டேன். சபியா ராத்தா, உங்கள் கை பாதியில் நிற்கிறது. பாதி உயர்ந்தாலும் கைதான். நான் எழுதிக்கொள்கிறேன்.

இடம் தந்த தலைவருக்கும், இடையில் என்னை இறக்கிவிடாத விழாக் குழுவுக்கும், வெயிலில் நின்று கேட்ட தாய்மாருக்கும் நன்றி. உங்கள் எல்லோர் முற்றத்திலும் சாந்தி நிலவட்டும்.

பணிப்பாளர் அவர்களே, பேச்சு அத்துடன் முடிந்தது. கை உயர்த்திய ஒன்பது வளவுகளின் பெயர்களும் முகவரிகளும் இத்துடன் இருக்கின்றன. மீதி எட்டுப் பேரும் யார் என்று உங்கள் ஒப்பந்தகாரருக்குத் தெரியும். என் மகளின் இரத்தத்தில் ஈயம் இருக்கிறதா இல்லையா என்று எனக்குத் தெரிய வேண்டும். மண்ணையும் பிள்ளைகளையும் பரிசோதிக்க எந்த நாளில் வருவீர்கள்? தயவுசெய்து விரைவில் பதில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
றுமானா