முப்பதுக்குக் கீழே

— அதுக்கில்லக்கா, வந்த உடனே ஒரு தெர்மோஸ்டாட்டை எடுத்து நீட்டிட முடியாது. கண்ணாடிப் பெட்டிக்குள்ள என்ன இருக்கு? பாம்பா, ஆமையா?

— ஓணான். தாடி வெச்ச மாதிரி இருக்குமே, அது.

— யார் வளர்க்கறது?

— எங்க வீட்டுக்காரர். இங்கதான் வாங்கினார். மேதெத்துங்கறது நீங்கதானே? தோலெகென்னு சொன்னா தெரியும்.

— தோலெகென் அண்ணன் வீடா! அப்ப நீங்க ஸுக்ரா அக்கா. ‘ஸுக்ரா திட்டுவா, ஸுக்ரா திட்டுவா’ன்னு சொல்லிக்கிட்டே ரெண்டு டப்பா புழு வாங்கிட்டுப் போவாரே. சுரங்கத்துல லீவா அவருக்கு? வெளியில மைனஸ் முப்பத்திரெண்டு. உங்களை எதுக்கு அலைய விட்டார்?

— இறந்துட்டார். வர்ற ஞாயித்துக்கிழமை நாப்பதாம் நாள்.

— என்னக்கா சொல்றீங்க? என்னாச்சு?

— நுரையீரல். உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னு நெனச்சேன்.

— தெரியாதுக்கா. ஈமானோட போய்ச் சேரட்டும். யாரும் சொல்லல. டீ ஊத்தவா, பால் விட்டு?

— இருக்கட்டும். தெர்மோஸ்டாட் காட்டுங்க. ஓணானைச் சாக விட்டுடாதேன்னு சொல்லிட்டுப் போனார். வேற ஒண்ணும் கேக்கல.

— சரி. சொல்றேன் கேளுங்க. ரெண்டு தினுசு இருக்கு. ஒண்ணு, பெட்டி முப்பதுக்குக் கீழ குளிர்ந்தா லாம்பைப் போடும், சூடானா அணைச்சிடும். இன்னொண்ணு, அணைக்காம கொஞ்சம் கொஞ்சமா மங்க வைக்கும். இதுல சத்தமே வராது. அண்ணனுக்கு நான் இதைத்தான் எடுத்துக் குடுத்தேன், கேக்கல. ‘டக்குனு சத்தம் வந்தாத்தான்டா வேலை செய்யுதுன்னு நம்பிக்கை வருது’ன்னு அதையே வாங்கிட்டுப் போனார். கெட்டுப் போச்சா?

— ஓணானுக்கு முதுகு வெந்துபோச்சு. தோல் கறுத்திருக்கு. ரெண்டு நாளா புழுவைப் பாத்தாலும் திரும்பிக்குது.

— சூடு ஏறிப்போச்சு. வாயைப் பொளந்துகிட்டு கண்ணாடியைப் பிறாண்டுமே?

— வெள்ளிக்கிழமையில மட்டும்.

— அதென்னக்கா, மிஷினுக்குக் கிழமையெல்லாம் தெரியுமா?

— அஞ்சு வெள்ளியா அப்படித்தான். மத்த நாள் சும்மா இருக்கு.

— வெள்ளிக்கிழமை வீட்ல என்ன நடக்குது?

— அவருக்கு ஏழு ரொட்டி பொரிக்கறேன். இறந்தவங்க பேர்ல எல்லாரும் செய்யறதுதான். எண்ணெய்ப் புகை படுக்கை ரூம் வரைக்கும் போகுது. அங்க ஜன்னல்ல சின்னக் கதவு இருக்கில்ல, அதைத் திறந்து வைப்பேன். ஏழும் பொரிச்சு, ஓதி, மாடிமாடியா குடுத்துட்டு வந்துதான் மூடறது.

— இந்தக் குளிர்லயா? பெட்டி அந்த ஜன்னலோரமா இருக்கா?

— இல்ல. எதிர்ச் சுவத்துல. குளிர் அதுக்குள்ள போகாது.

— அப்ப எனக்கு ஒண்ணு சொல்லுங்க. ஒயர் நுனியில கறுப்பா மிளகு மாதிரி இருக்குமே, சென்சார். சூடு எவ்வளவுன்னு பாக்கறதே அதுதான். அது எங்க இருக்கு?

— இருக்கிற இடத்துல இருக்கு.

— பெட்டிக்குள்ளதானே?

— அந்தச் சத்தம் வராத மிஷினுக்கு ஒயர் எவ்வளவு நீளம்?

— அக்கா. பெட்டிக்குள்ளதானே இருக்கு?

— கட்டில்ல. தலையணை மேல.

— தலையணை மேலயா?

— ஆமா.

— கட்டில் ஜன்னலுக்குக் கீழயா? சுவத்து ஹீட்டரை ஒட்டி?

— ஆமா. அவருக்குக் குளிரும்னு நகத்திப் போட்டது.

— அவ்வளவுதான், விஷயம் முடிஞ்சுது. கரகாந்தா ஊர் முழுக்க அந்த ஹீட்டரைக் குறைக்க வழி கிடையாது. தலையணை முப்பதுக்கு மேலயே கிடக்கும், மிஷினும் சும்மா கிடக்கும். நீங்க வெள்ளிக்கிழமை ஜன்னலைத் திறந்ததும் தலையணை சில்லிட்டுப் போகுது. ஓணானுக்குத்தான் குளிருதுன்னு நெனச்சு மிஷின் லாம்பைப் போடுது, நீங்க ஜன்னலை மூடற வரைக்கும் அணைக்காது. அது ஒழுங்காத்தான் வேலை செய்யுதுக்கா. புதுசுக்கு எதுக்கு வீணா செலவு பண்ணணும்? முதுகுக்கு மருந்து தரேன். வீட்டுக்குப் போய் ஒயரைப் பெட்டிக்குள்ள போடுங்க. பிழைச்சுக்கும்.

— புதுசு குடுங்க.

— சொல்றேன் கேளுங்க...

— கேட்டேன். கெட்டுப் போகலைன்னு எனக்கும் தெரியும்.

— தெரிஞ்சுமா அங்கயே விட்டு வெச்சீங்க? அதை யாரு எடுத்து தலையணையில போட்டது?

— நான்தான். அவர் கையில இருந்ததைக் கழட்டி வெச்சேன். ஆஸ்பத்திரியில வீட்டுக்குக் கூட்டிட்டுப் போன்னுட்டாங்க. கை காலெல்லாம் ஜில்லுனு. காய்ச்சல் பாக்கற கண்ணாடிக் குச்சி அன்னைக்குப் பாத்து உடைஞ்சுபோச்சு. இந்த ஒயரை எடுத்து அவர் கையில பிளாஸ்திரி போட்டு ஒட்டினேன். மிஷின் டப்பா கதவுகிட்ட இருக்கு, அடுப்புகிட்ட நின்னாலே நம்பர் தெரியும். முப்பத்தி நாலு, முப்பத்தி மூணு. ‘என்னையும் ஓணானாக்கிட்டியா’ன்னு சிரிச்சார். நாலு நாள் லாம்பு எரியல. ஓணான் குளிர்ல சுருண்டு கிடந்துச்சு. நான் அதைப் பாக்கல.

— அக்கா, உக்காருங்க.

— இருக்கட்டும். நாலாம் நாள் மத்தியானம் மூச்சு முட்டுதுன்னார். சின்னக் கதவைத் திறந்து விட்டேன். டீ வேணும்னார், பால் வெச்சேன். பால் பொங்கறதுக்குள்ள ரூம்ல டக்குனு சத்தம். திரும்பிப் பாத்தா லாம்பு எரியுது.

— அப்பவே போயிட்டாரா?

— ஆமா. அதனால சத்தம் போடாதது குடுங்க. ஓணானுக்கு அது.

— தரேன்க்கா. நானே வந்து மாட்டறேன். பழசைக் கழட்டி எடுத்துடவா?

— வேணாம். லாம்பை மட்டும் புதுசுல மாட்டுங்க. பழசு அப்படியே இருக்கட்டும், ஒயரும் தலையணையிலயே இருக்கட்டும். அடுப்புகிட்ட நின்னு பாத்தா அவருக்கு இன்னும் முப்பத்தொண்ணு காட்டுது.