பிடுங்க முடியாத ப்ளக்

மேனேஜர்: இதுவும் வேணாம் மச்சான். வேற காட்டு.

எலக்ட்ரீஷியன்: செருப்புக் கடையில உக்காந்த மாதிரி காலையிலேருந்து ஆறு ப்ளக்கைத் தள்ளிட்டீங்க அத்தான். இதுக்கு என்ன குறை?

மேனேஜர்: பார்க்க முரடா இருக்கு.

எலக்ட்ரீஷியன்: ஃப்ரீசருக்குத்தானே மாட்டப் போறோம், காதுக்கா? சொருகி, இந்த வளையத்தைத் திருகினா பூட்டிக்கும். யார் இழுத்தாலும் வராது.

மேனேஜர்: யார் இழுத்தாலுமா?

எலக்ட்ரீஷியன்: யானை இழுத்தாலும்.

மேனேஜர்: அதான் யோசிக்கிறேன்...

எலக்ட்ரீஷியன்: என்ன யோசனை? மூணு தடவை யாரோ ப்ளக்கைப் பிடுங்கிப் போட்டு, கடை ஐஸ்கிரீமெல்லாம் உருகி ஸ்டோர் ரூம்ல குளமா நின்னுச்சு. பிடுங்க முடியாத ப்ளக் போடுன்னு முதலாளிதானே சொன்னார்?

மேனேஜர்: சொன்னார். நான் என்ன சொல்றேன்னா... யாரும் பிடுங்கக் கூடாது. ஆனா ஒரு அவசரத்துக்குப் பிடுங்க வரணும்.

எலக்ட்ரீஷியன்: கதவு பூட்டியும் இருக்கணும், திறந்தும் இருக்கணும். சரி, ப்ளக்கே வேணாம். ஒயரை நேரா சுவத்துக்குள்ள குடுத்துடறேன்.

மேனேஜர்: ஐயையோ, வேணவே வேணாம். எதுக்கு இவ்வளவு? பிடுங்கினவங்கதான் இன்னையோட போறாங்களே.

எலக்ட்ரீஷியன்: யாரு?

மேனேஜர்: பெருக்குற அம்மா. தரை தேய்க்கிற மெஷினைச் சொருக இதைப் பிடுங்கியிருக்காங்க. வேலையை விட்டு நிறுத்துற லெட்டர் அடிச்சாச்சு. பன்னெண்டு மணிக்கு முதலாளி கையெழுத்து.

எலக்ட்ரீஷியன்: பதினோரு வருஷமா இருக்காங்களே... ஒத்துக்கிட்டாங்களா?

மேனேஜர்: அழுதாங்க. ஒத்துக்கிட்ட மாதிரிதானே?

எலக்ட்ரீஷியன்: அத்தான்... அந்த மெஷினோட ப்ளக்கைப் பார்த்திருக்கீங்களா?

மேனேஜர்: எல்லாம் ப்ளக்குதானே.

எலக்ட்ரீஷியன்: நீலக் கலர்ல, கைமுட்டி கனத்துக்கு உருண்டையா இருக்கும். அதுக்குன்னே வராந்தாவுல ஒரு உருண்டை சாக்கெட் வெச்சவன் நான். இந்த மூணு ஓட்டைக்குள்ள அதைச் சுத்தியலால அடிச்சாலும் போகாது.

மேனேஜர்: ...எலியா இருக்குமோ?

எலக்ட்ரீஷியன்: சுவிட்சை அணைச்சு, ப்ளக்கைப் பிடுங்கி, ஒயரைச் சுருட்டியும் வெச்சிருக்கு. பொறுப்பான எலி.

மேனேஜர்: மெதுவாப் பேசு.

எலக்ட்ரீஷியன்: உங்க தலை ஏன் ஈரமா இருக்கு?

மேனேஜர்: முகம் கழுவினேன்.

எலக்ட்ரீஷியன்: கழுவின தண்ணி காலர்ல கறுப்பா வடியுது.

மேனேஜர்: ...உன் அக்காகிட்ட சொல்லிடாதே. என் வீட்டுக்காரருக்கு ஒரு நரை கிடையாதுன்னு பார்க்கிறவங்ககிட்ட எல்லாம் சொல்லிட்டுத் திரியுறா. ஸ்டோர் ரூமுக்கு யாரும் வர மாட்டாங்கன்னு இங்கதான் தலைக்கு மை போட்டு, ஃப்ரீசர் ப்ளக்கைப் பிடுங்கிட்டு ட்ரையரை மாட்டிக் காய வெப்பேன். அஞ்சே நிமிஷம். ஃப்ரீசரைத் திரும்ப மாட்டத்தான்... சில நாள் மறந்துடுது.

எலக்ட்ரீஷியன்: உங்க மறதிக்கு அந்த அம்மா வீட்ல அடுப்பு அணையணுமா?

மேனேஜர்: லெட்டர் அடிக்கும்போது மனசு கேக்கத்தான் இல்ல.

எலக்ட்ரீஷியன்: கை கேட்டுச்சே. முதலாளிகிட்ட நீங்களே சொல்லிடுங்க. இல்லேன்னா நான் சொல்றேன். கடையில வேற சாக்கெட்டா இல்ல? அதை விட்டுட்டு ஃப்ரீசர்ல எதுக்குக் கை வெச்சீங்க?

மேனேஜர்: இதுக்குப் பக்கத்துல நீ மாட்டின சாக்கெட்ல முதல் நாள்லேருந்தே கரண்ட் வரல மச்சான். நீ சொல்றதும் சரிதான். முதலாளியைக் கூப்பிடுறேன். என் தப்பை ஒத்துக்கிட்டு, அவர் முன்னாடியே அதையும் கழட்டிப் பார்த்துடலாம்.

எலக்ட்ரீஷியன்: ...அவரை எதுக்கு அத்தான் தொந்தரவு பண்ணிக்கிட்டு? லெட்டரை இப்படிக் குடுங்க, நானே கிழிச்சுடறேன். காசை வாங்கிட்டு அந்த சாக்கெட் மூடிக்குப் பின்னாடி நான் ஒயரே இழுக்கல.