ஓர் ஊற்று, இரண்டு லயங்கள்

பிள்ளைகளுக்கு ஆய்வு சொல்லிக்கொடுப்பதில் கடினமானது கேள்வியைக் கண்டுபிடிப்பதுதான், இன்ஸ்பெக்டர். மற்றவர்கள் எழுதியதை முதலில் வாசிக்க வேண்டும். பிறகு, அவர்கள் எதைப் பார்க்காமல் விட்டார்கள் என்று தேட வேண்டும். பதுளைக்கு மாற்றலாகி வந்த நாளிலிருந்து என் விஞ்ஞான வகுப்பில் இதையே சொல்லி வந்தேன்.

சரியாகப் பிடித்துக்கொண்டவன் மாடசாமி ஒருவன்தான். அப்புத்தளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பையன். தண்ணீரால் பரவும் நெருப்புக் காய்ச்சல், அதுதான் டைபாய்டு, பற்றிய அறிக்கைகளை இரவல் வாங்கிக் கொடுத்தேன். வாசித்துவிட்டு வந்தான்.

"எல்லாரும் ஆளுங்க படுத்த பொறகுதாங்க போய்ப் பாத்திருக்காங்க, சார். அதுக்கு முந்தி ஒருத்தரும் எட்டிப் பாக்கலைங்க."

எனக்கு உடம்பு சிலிர்த்தது. அதுதான் இடைவெளி.

அவன் தோட்டத்தில் மேல் லயத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கும், ஓடைக்கு அப்பாலிருந்த கீழ் லயத்து வீடுகளுக்கும் தண்ணீர் ஒரே ஊற்றிலிருந்துதான். மேல் லயத்தாரைக் கொதிக்கவைத்துக் குடிக்கச் சொன்னோம். கீழ் லயத்தாரிடம் ஒன்றும் சொல்லவில்லை. வித்தியாசம் தெரிய வேண்டுமானால் ஒரு பக்கம் இருந்தபடியே இருக்க வேண்டும் அல்லவா? காய்ச்சல் கண்டால் உடனே நிறுத்துவோம் என்று அவனுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன்.

மழையோடு கீழ் லயத்தில் காய்ச்சல் தொடங்கியது. ஓடிவந்தான். அவனுடைய அக்கா அங்கேதான் குடியிருந்தாள், சின்ன மகளோடு.

"அவங்ககிட்டயும் சொல்லிர்றேன் சார். வெறகு நானே பொறுக்கித் தாறேன்."

"பொறு தம்பி. தோட்டத்து டாக்டரிட்டைச் சொல்லிப்போட்டன், அவர் பாப்பார். நீ குறுக்கை போனா எல்லாம் குழம்பிப்போகும்."

டாக்டரிடம் நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அன்றைக்கே ஊற்றை அடைத்திருப்பார். பிறகு எதை எதோடு ஒப்பிடுவது?

கீழ் லயத்தில் ஐந்து பேர் இறந்தார்கள். மேல் லயத்தில் ஒருவரும் இல்லை. இவ்வளவு தெளிவான முடிவை நான் எந்த அறிக்கையிலும் கண்டதில்லை.

குழந்தையைப் புதைத்துவிட்டு மாடசாமி என் அறைக்கு வந்தான்.

"டாக்டரய்யாகிட்ட கேட்டேங்க. நீங்க அந்தப் பக்கமே வரலையாமே."

பிறகு மேசையிலிருந்த என் கணக்கைப் பார்த்து, "எங்க அக்கா புள்ளையும் அந்த அஞ்சுல சேத்திதானா?" என்றான்.

"ஓம், சேர்த்திதான்" என்றேன். அதை விட்டால் முடிவு பிழையாகிவிடும்.

அதன்பின் அவன் பள்ளிக்கூடம் வரவில்லை. ஆய்வை நானே எழுதி முடித்தேன். ஆனால் அவன் பெயரைத்தான் முதலில் போட்டிருக்கிறேன், பாருங்கள். மாணவனின் உழைப்பைத் திருடும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள், இன்ஸ்பெக்டர். நான் அப்படிப்பட்டவன் அல்ல.