பருத்தி போட்டு வாங்கிய ஐஸ்

— உருகுனா உருகட்டும் ஜானகி, மூடியத் தெறந்து அப்பிடியே குடி. அரியலூர் பஸ் ஸ்டாண்டுல வாங்கி, பை அடியில வச்சுக்கிட்டு ஓடியாறேன்.

— மெதுவாப் பேசு சுகன்யா. அம்மா உள்ள படுத்திருக்கு. கண்ணு ஆபரேசன் பண்ணி நாலு நாளுதான் ஆவுது. ஆமா, இதுக்கு என்ன பேராம்?

— கப் ஐஸ். எம்பொண்ணு அதையும் ஒத்துக்க மாட்டா. ஐஸ்கிரீம்னு சொல்லணுமாம். ஊருக்கெல்லாம் நான் டீச்சரு, எனக்கு அவ டீச்சரு.

— கப் ஐஸு, பால் ஐஸு, சேமியா ஐஸு. இங்கல்லாம் உள்ள என்ன கெடக்குன்னு பாத்துப் பேரு வைக்கிறாங்க. நம்மூர்ல அப்பிடியா சொன்னோம்?

— பருத்தி ஐஸ்!

— அப்பிடிச் சொல்லு. காசுக்குப் பதிலா பருத்தி போட்டா பருத்தி ஐஸ். வேப்பங்கொட்டை போட்டா கொட்டை ஐஸ். கல்லங்குறிச்சிக்குக் கட்டிக்கிட்டு வந்த புதுசுல, ஐஸ்காரர்கிட்ட போயி ஒரு கொட்டை ஐஸ் குடுங்கன்னு கேட்டுட்டேன். வண்டியச் சுத்தி நின்ன அத்தனை பேரும் சிரிச்சாங்க. எங்க வூட்டுக்காரரு ஒரு வருசம் என்னைய கொட்டை ஐஸுன்னுதான் கூப்புட்டாரு.

— பாரேன்! இரும்பு ஐஸ் ஞாபகம் இருக்கா? துருப்புடிச்ச ஆணி, மாட்டு லாடம்...

— அதுக்குத்தான் பால் ஐஸ் தருவாரு. பிஞ்ச செருப்பு போட்டா?

— மூளி ஐஸ். குச்சி ஒடைஞ்சு போனது. கையில ஏந்திக்கிட்டு முழங்கை வரைக்கும் நக்குவோம்.

— சரி, சுத்தி வளைச்சது போதும் புள்ள. பத்திரிகைய எடு. அதுக்குத்தானே பெரம்பலூர்லேருந்து வந்த.

— எடுக்குறேன். வைகாசி பதிமூணு, சிவரஞ்சனிக்குக் காதுகுத்து. இங்கதான், பெருமாள் கோயில்ல. நீ வந்துருவ, எனக்குத் தெரியும். உங்கம்மா வரணும் ஜானகி. கிருஷ்ணம்மா அத்தை வந்து எம்பொண்ண மடியில வச்சுக்கணும். அதுக்காவத்தான் நேர்ல வந்தேன்.

— உங்கம்மா வருவாங்கல்ல?

— வருவாங்க.

— அப்ப அம்மா வராது. கோயிலு கூப்புடுற தூரந்தான். ஆனா உங்கம்மா மொகத்துல முழிக்க இதால ஆவாது. உங்க வூட்டுச் சொம்பை எடுத்தேன்னு ஊரு முன்னாடி ஒத்துக்கிட்ட பொம்பள. அதுக்கப்பறம் ஒரு வூட்டுலயும் பருத்தி எடுக்கக் கூப்புடல. தெரியாத மாதிரி கேக்குற.

— சொம்பு ஐஸ்னு ஒண்ணு இருந்துச்சு ஜானகி.

— என்ன ஐஸு?

— சொம்பு ஐஸ். நீ அந்தப் பேரைக் கேட்டிருக்க மாட்ட. நம்மூர்ல ஒரே ஒரு நாளுதான் அது வந்துச்சு, ஒரே ஒருத்திதான் வாங்குனா. எங்க வூட்டுப் பித்தளைச் சொம்பைப் பாவாடைக்குள்ள மறைச்சு எடுத்துட்டுப் போயி ஐஸ்காரர்கிட்ட போட்டது நான்.

— நீயா?

— நான்தான். எண்பத்தி மூணு, நமக்கு எட்டு வயசு. இருபத்தோரு வருசமா முழுங்கிக்கிட்டு இருக்கேன். எம்பொண்ணு ஐஸ் கேக்குறப்பல்லாம் உங்கம்மா மொகந்தான் முன்னால வந்து நிக்குது. வெக்கமா இருக்கு ஜானகி. திட்டு. ஏதாச்சும் சொல்லித் திட்டு.

— இரு. அந்தச் சொம்புக்கு எத்தனை ஐஸ் குடுத்தாரு?

— எட்டு. நாலு நான் தின்னேன்.

— மிச்சம் நாலு எனக்கு. அப்பிடித்தானே?

— ஆமா.

— பருத்தி போட்டு வாங்குனேன்னுல்ல சொன்ன.

— பொய் சொன்னேன்.

— வூட்டுப் பருத்திய எடுத்தது தெரிஞ்சா அடி வுழும், யாருகிட்டயும் சொல்லாதன்னு தலையில அடிச்சு சத்தியம் வாங்குன. நாலையும் கையில புடிச்சுக்கிட்டு வூட்டுக்குப் போனேன். அம்மா கேட்டுச்சு, உனக்கு ஏதுடி நாலு ஐஸுன்னு. நான் மூச்சு வுடல.

— அடிச்சாங்களா?

— அடிக்கும்னுதான் பாத்தேன். அடிக்கல. என்னையே பாத்துக்கிட்டு ஒக்காந்திருந்துச்சு. மறுநாளுதான் உங்கம்மா சொம்பைக் காணோம்னு ஆளுங்களையெல்லாம் கூட்டி நிக்க வச்சாங்க.

— நானும் அங்கதான் நின்னேன். பருத்தி எடுக்க வந்தவங்க, அவங்க புள்ளைங்க, எல்லாரையும் கேக்குறாங்க, என்னைய மட்டும் யாரும் கேக்கல. உங்கம்மாவா முன்னால வந்து, நான்தான் எடுத்தேன், வித்துட்டேன்னு சொன்னாங்க. கேளேன், எனக்கு இன்னிக்கு வரைக்கும் அதுதான் புரியல. எடுக்காதவங்க ஏன் அப்பிடிச் சொல்லணும்?

— நான் நம்பிட்டேன் சுகன்யா.

— எதை?

— எடுத்தேன்னு அது சொன்னதை. பெத்த மக நம்பிட்டேன். பள்ளிக்கூடத்துல திருடி மவன்னு கூப்புட்டாங்க, கோவமெல்லாம் அம்மா மேலதான். இப்ப எங்கூடவே வச்சுத்தான் பாத்துக்குறேன். ஆனா வூட்டுல ஒரு சாமான் காணலன்னா மொதல்ல அது பொட்டிப் பக்கந்தான் எங்கண்ணு போவுது. நானும் ஒரு நாளு கேட்டதில்ல, அதுவும் ஒரு நாளு சொன்னதில்ல. பாவி நான்.

— அழுவாத ஜானகி. பாவி நான்தான். உள்ள போயி காலுல வுழுந்து சொல்லிடுறேன். காதுகுத்து அன்னிக்கு எங்கம்மா முன்னாடியும் சொல்றேன், ஊரே கேக்கட்டும்.

— ஜானகி! யாரு அது? அமிர்தவல்லி மவளா?

— ஆமாம்மா, சுகன்யா. நீ ஏன் எந்திரிச்சு வந்த? செவுத்தைப் புடிச்சுக்க. முழிச்சுக்கிட்டா இருந்த?

— கண்ணத்தானே கட்டியிருக்கு, காதையா கட்டியிருக்கு?

— அத்தை, ஒக்காருங்க அத்தை. நான் உங்ககிட்ட ஒண்ணு...

— நீ இரும்மா, நீ சொன்னதெல்லாம் கேட்டுச்சு. ஏன்டி ஜானகி... அப்ப அந்தச் சொம்பை நீ எடுக்கலயா?