ஏட்டய்யா எழுதிய கருத்து

— அப்போ 'கடல்மல்லி'ங்கிற பேருல எழுதுதது நீதான். இல்லன்னு மட்டும் சொல்லாத மதினி.

— ஏளா இசக்கி, மெல்லப் பேசு. முன்னறையில அத்தை முழிச்சுத்தான் கெடக்காவ.

— எங்கம்மாவுக்குக் கேட்டா என்ன? பதினாறாயிரம் பேரு இருக்கிற கதை குரூப்புல எங்கதயத் தொடரா எழுதிப் போட்டிருக்க. அதுல எங்கம்மா ஒருத்திக்கு மட்டும் தெரியாம இருக்கணுமாக்கும்?

— யாரு சொன்னா உங்கதன்னு? அதுல வாரவ பேரு வைதேகி. அவ புருசன் கலங்கரை விளக்கத்துல வேல பாக்கான். உன் வீட்டுக்காரரு கொலசையில வீட்டு முன்னாலயே பலசரக்குக் கடை வச்சிருக்காரு. லைட்ஹவுஸுக்கும் உளுந்து மூட்டைக்கும் என்னளா சம்பந்தம்?

— வைதேகி குக்கர்கிட்டப் பேசுதாளே, அது?

— அது... சும்மா, கற்பனைதான்.

— புருசன் செவத்தப் பாத்து 'பசிக்குது'ங்கான். பொண்டாட்டிய 'ஏய்'னு கூடக் கூப்பிட மாட்டான், பேரு எங்க சொல்ல. இவ அடுக்களையில நின்னு, 'மூணு விசிலுக்கு மேல கோவப்படாத தாயி, ஒன்ன விட்டா எனக்கு யாரு இருக்கா'ன்னு குக்கரக் கொஞ்சுதா. கொலசையில இருந்து உனக்குப் போன் போட்டு நான் சொன்னதுலா இது? நீ கேட்டுச் சிரிச்ச. நானும் சிரிச்சேன். அதக் கொண்டுபோய் ஒம்பதாவது அத்தியாயத்துல வச்சிட்ட.

— தப்புதான். பெரிய தப்பு. கையெல்லாம் மீன் செதிலா இருக்கு, இல்லன்னா ஒங் கால்ல விழுந்திருப்பேன். யாரு காட்டிக் குடுத்தா?

— எங்கூடப் படிச்ச அனிஷா அனுப்புனா. 'நல்ல கதை, வாசி, உனக்குப் பிடிக்கும்'னு. பிடிக்கும்! ஏன் எழுதுன மதினி?

— என்னத்தச் சொல்ல. ஒங்க அண்ணன் காலைல ஹார்பருக்கு லாரி புக்கிங்குக்குப் போனா இருட்டுனப் பொறவுதான் வாராவ. வந்ததும் 'சோறு இருக்கா?' நல்ல மனுசன்தான், நான் குத்தம் சொல்லல. ஆனா ஒரு அத்தியாயத்தப் போட்டுட்டு உலைய வைக்கிறதுக்குள்ள, 'அடுத்து என்னாச்சு அக்கா'ன்னு நாப்பது பேரு கேக்காவ. எங்கிட்ட யாருளா அடுத்து என்னாச்சுன்னு கேட்டிருக்கா? கல்யாணமான பதினோரு வருசத்துல ஒருத்தரு?

— அப்போ உங்கதய எழுத வேண்டியதுதான?

— எங்கதையில என்ன இருக்கு? ஒண்ணும் நடக்கலையே.

— எங்கதையிலயும் ஒண்ணும் நடக்கல. அதுதான மதினி கதையே.

— நீ வேணா இப்பமே சொல்லு, மொத்தத்தையும் அழிச்சிருதேன். பதினேழு அத்தியாயத்தையும். இந்தா போனு, நீயே அழி.

— வேண்டாம். முடிவு எழுதிட்டியா? சாயங்காலம் ஆறு மணிக்குக் கடைசி அத்தியாயம்னு போட்டிருக்க.

— எழுதி வச்சிருக்கேன். கேட்டா நீ ஏசுவ.

— சொல்லு.

— ரெண்டு முடிவு எழுதியிருக்கேன். அவ புருசன்கிட்டத் திரும்பிப் போறான்னு ஒண்ணு. போகலன்னு ஒண்ணு. நீ என்ன சொல்லுதியோ, அதுபடி...

— அடிப்பாவி! நாளைக்குக் காலம்பற பத்து மணிக்கு அவிய வீட்டுச் சுடலைக்கண்ணன் பெரியப்பா கார் எடுத்துட்டு வாராவ. 'வாரியா, இல்ல அத்துக்கிடுதியா'ன்னு ஒத்தக் கேள்வி கேக்கப் போறாவ. பதில் தெரியாம ரெண்டு மாசமா நான் இங்கன அம்மா வீட்டுல வந்து உக்காந்து செத்துக்கிட்டு இருக்கேன். நீ என்னன்னா ரெண்டு கையிலயும் ரெண்டு முடிவ வச்சுக்கிட்டு, இவ எதச் சொல்லுவான்னு பாத்துக்கிட்டு இருக்கியா?

— ரெண்டையும் அழுதுக்கிட்டுத்தான் எழுதுனேன். எந்த முடிவுலயும் நீ சிரிச்ச மாதிரி எனக்கு எழுத வரலளா. அதச் சொன்னா நீ நம்பப் போறியா?

— சரி, விடு. அழாத. மீனு ஏற்கெனவே உப்பு.

— பெரியப்பா என்ன கேப்பாவன்னு எனக்கே தெரியும். அடிச்சானா? இல்ல. குடிச்சானா? இல்ல. வேற தொடுப்பு உண்டா? இல்ல. பொறவு என்னம்மா குறை?

— அம்மாவும் அதத்தான் கேக்கா. உங்குரூப்புலயும் ஒரு ரிட்டயர்டு வாத்தியார் கேட்டிருக்காரு. 'பேசாத கணவன் பெண்ணுக்குக் கிடைத்த வரம்'னு.

— அந்த வாத்தியாரக் காயல்பட்டணத்து நஜ்லா கிழிச்சுத் தொங்க விட்டாளே, அதப் பாக்கலையா?

— பாத்தேன். 'என்னக் கட்டுன மாப்பிள்ளை ரியாத்துல இருக்காக. நாலாயிரம் கிலோமீட்டருக்கு அங்கிட்டு இருந்து தெனம் ஒரு மணி நேரம் எங்கூடப் பேசுறாக. இந்த ஆளு நாலடிக்கு அங்கிட்டு நின்னுக்கிட்டுப் பேச மாட்டாராக்கும்'னு. கோவத்துலதான் மதினி வாசிக்க ஆரம்பிச்சேன். மத்தியானம் சோறு திங்காம மொட்டமாடியில போய் உக்காந்து இருநூத்திப் பதினாலு கமெண்டையும் வாசிச்சேன்.

— அதான் மூஞ்சி கருவாடா காஞ்சிருக்கு.

— முன்னப்பின்ன தெரியாதவளுவ. என் மூஞ்சியப் பாத்தது இல்ல. எனக்காக அந்தச் சண்டை போடுதாளுவ. எங்கம்மா எனக்காக ஒரு வார்த்த பேசல.

— இதெல்லாம் போட்டும், 'ஏட்டய்யா'ங்கிற பேருல ஒருத்தரு எழுதுன கருத்தப் பாத்தியா? எனக்கு அவருதான் முக்கியம். இப்பம் வார ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் ஒரு பக்கத்துக்குக் கொறையாம எழுதுவாரு. எந்த ஸ்டேஷனோ, டூட்டிக்கு நடுவுல உக்காந்து வாசிக்காரு பாவம். நான் 'வணக்கம் சார், நன்றி சார்'னுதான் பதில் போடுவேன். போலீஸ்காரவல்லா.

— பாத்தேன். வாசி.

— நீதான் பாத்தேங்கியே.

— உன் வாயால கேக்கணும். வாசி மதினி.

— இரு, கையத் தொடச்சிக்கிடுதேன். 'ஆசிரியர் அவர்களுக்கு. வைதேகியின் கணவன் போன்ற ஆளை எனக்குத் தெரியும். அவனுக்கு வாய் இருக்கிறது. வெளியே நாலு பேரிடம் விலை பேசுகிறான், சிரிக்கிறான்.' கலங்கரை விளக்கத்துல இருக்கவன் யாருகிட்ட விலை பேசுதான்னு எனக்கே ஒரு நிமிசம் கொழம்பிச்சு. சரி, வயசான மனுசன், மறந்திருப்பாரு.

— மேல வாசி.

— 'வீட்டுக்குள் காலை வைத்தால் மட்டும் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. அதைத் திமிர் என்று அவள் நினைக்கிறாள். திமிர் இல்லை. ஆனால் எதுவாக இருந்தால்தான் அவளுக்கு என்ன? மூன்று வருடம் ஒரு பெண்ணைக் குக்கரோடு பேச வைத்தவன் மனுசனே இல்லை. அவள் திரும்பிப் போகக் கூடாது. போவதுபோல் எழுதாதீர்கள்.' பாத்தியா, என்ன மனசு!

— அந்தப் படத்தப் பெரிசு பண்ணு.

— எந்தப் படத்த?

— மூஞ்சிக்குப் பதிலா ஒரு போலீஸ் தொப்பியப் போட்டிருக்காருல்லா, அத. ஓரத்துல என்ன தெரியுது?

— மஞ்சளா ஏதோ கறை. இது என்னளா, தொப்பி ஒரு சாக்கு மேல இருக்கு?

— உளுந்து சாக்கு. எங்க கடை உளுந்து சாக்கு. அது மஞ்சப்பொடிக் கறை. சமையக்கட்டுல இருந்து அப்படியே வந்து அந்தத் தொப்பியத் தூக்கி வச்சேன், என் விரல் பட்ட கறை. கொலசை தசராவுக்கு முத்தாரம்மனுக்கு நேந்து கட்டுன போலீஸ் வேசம் மதினி. உங்க ஏட்டய்யா என் வீட்டுக்காரரு.

— முத்தாரம்மா! லிங்கராஜ் அண்ணனா? நான் 'சார் சார்'னு உருகுனேனே!

— தசரா முடிஞ்சதுல இருந்து கடையில ஆளில்லாத நேரமெல்லாம் போனத் தடவிக்கிட்டே இருந்தாவ. வெலவாசி பாக்காவன்னு நெனச்சேன். கதை வாசிச்சிருக்காவ.

— அந்த வாயில்லாத மனுசனுக்கு இவ்ளோ எழுத வருமா?

— வேசம் கட்டுனா வரும். போன தசராவுக்கு மாலை போட்டு, காணிக்கை எடுக்க வீடு வீடா வந்தாவ. எங்க வாசலுக்கும் வந்தாவ. லத்தியத் தட்டி, 'வீட்ல யாரும்மா? ரச வாசனை பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வருது, பஸ்ஸெல்லாம் நின்னுபோச்சு, கேசு போடணும்'னாவ. தெருவே சிரிச்சுது. என் கண்ண நேராப் பாத்து 'பேரென்ன?'ன்னு கேட்டாவ.

— நீ என்ன சொன்ன?

— 'இசக்கிசெல்வி'ன்னேன். பாக்கெட்டுல இருந்து நோட்ட எடுத்து எழுதிக்கிட்டாவ. பத்து நிமிசம் எங்கூடப் பேசுனாவ மதினி. மூணு வருசத்துல எனக்குன்னு இருக்கது அந்தப் பத்து நிமிசம்தான். வேசம் கலைச்ச மறுநாளு, திரும்பச் செவத்தப் பாத்துப் 'பசிக்குது'.

— இத நீ எங்கிட்டச் சொல்லவே இல்லையே?

— சொன்னா எழுதிருவன்னுதான்.

— தேவைதான் எனக்கு. ஆனாலும் பாரேன், தன் முதுகு தனக்குத் தெரியாதும்பாவ. தன்னத்தான் ஏசுதோம்னு தெரியாம என்னமா ஏசியிருக்காரு! ஏளா, நாளைக்குப் பெரியப்பா முன்னால இத வாசிச்சாப் போதும். 'மனுசனே இல்லை, அவள் போகக் கூடாது.' அவரு தீர்ப்பு, அவருக்கே. நான் வாசிக்கேன், சத்தமா வாசிக்கேன்.

— வாசிக்க மாட்ட. நாலு பேரு முன்னால வச்சு அவியள யாரும் தல குனிய வைக்கக் கூடாது.

— அந்த ஆளுக்குப் போயி நீ பரிஞ்சு பேசுத!

— பரிஞ்செல்லாம் பேசல. வயிறு எரியுது. யாரோ ஒரு வைதேகிக்கு ஒரு பக்கம் எழுத வருது. அவளுக்கு வலிக்கும்னு தெரியுது. நாலடியில நின்ன எனக்கு வலிக்கும்னு தெரியலையே மதினி. அவ கற்பனை, நான் உசுரோட இருந்தேனே.

— அழாதளா. இந்தா, முந்தாணியில தொட. இப்போ என்ன செய்யணும்ங்குத?

— நான் சொல்லச் சொல்ல பதில் எழுது. 'அவன் என்ன செய்தால் வைதேகி திரும்பிப் போகலாம்?' அவ்ளோதான். அவிய வாயாலயே கேட்டுக்கிடுதேன்.

— 'சார்' போடணுமா?

— போட்டுத் தொல.

— போட்டாச்சு. ஏளா, உடனே பாத்துட்டாரு! எழுதுதாரு. புள்ளி ஓடுது.

— நாலரை மணி. கடையில ஆளு இருக்காது.

— நின்னுபோச்சு. இல்ல, திரும்ப ஓடுது. திரும்ப நின்னுபோச்சு. என்னத்த இவ்ளோ நேரம் எழுதுதாரு, பத்திரமா எழுதுதாரு?

— அவியளுக்கு அப்படித்தான். விடு.

— வந்துட்டு. ஏளா... இசக்கி...

— வாசி.

— நீயே பாரு.

— எனக்குக் கண்ணு மங்கலா இருக்கு. வாசி மதினி.

— 'அவள் பேர் வைதேகி இல்லை. இசக்கிசெல்வி. என் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். அவள் குக்கரோடு பேசுவதைக் கடையில் இருந்து தினமும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். எழுந்து உள்ளே போய் நிற்பேன். வார்த்தை வராது. பசிக்கிறது என்று சொல்லிவிட்டு வந்துவிடுவேன். பசித்திருக்காது. இதை அவளிடம் சொல்லிவிடுங்கள்.'

— பசிக்காமத்தான் தெனமும் வந்து நின்னாவளா!

— தெரிஞ்சேதான் எழுதியிருக்காரு. இப்பம்தான் எனக்கு உறைக்குது. மொத எட்டு அத்தியாயத்துல ஏட்டய்யாவே கெடையாது. குக்கர் வந்த ஒம்பதாவது அத்தியாயத்துலதான் மொதல்ல வந்தாரு. ஏசுனதெல்லாம் தன்னத் தெரிஞ்சே ஏசுனதுளா. அய்யோ, இத பதினாறாயிரம் பேரும் பாக்காவளே! நஜ்லா அதுக்குள்ள மூணு கேள்விக்குறி போட்டுட்டா.

— போடட்டும். நீ எழுது. 'எழுதினது போதும். அவளுக்குப் போன் போடுங்கள். வேசம் இல்லாமல், வாயால் கூப்பிடுங்கள்.'

— குரூப்புலயேவா? எல்லாரும் பாப்பாவளா!

— அங்கனதான அவியளுக்குக் காது கேக்குது. அங்கனயே எழுது.

— எழுதிட்டேன். போயிட்டு. கூப்பிட்டா நாளைக்குப் போயிருவியா?

— தெரியாது. மொதல்ல கூப்பிடட்டும்.

— உன் போனு எங்க?

— மக்ரூன் பலகார டப்பா மேல.

— அடிக்குது! ஏளா, அடிக்குது! எடு!

— ஹலோ.

— என்ன சொல்லுதாரு?

— ஒண்ணும் சொல்லல. மூச்சு மட்டும் கேக்குது.

— மூச்சு விடவா போனப் போட்டாரு? இதுக்குத்தான் இவ்ளோ பாடா? ஆறு மணிக்கு நான் எந்த முடிவப் போடட்டும், நாளைக்குப் பெரியப்பாகிட்ட என்ன பதில் சொல்லட்டும்? போதும்ளா, போன வை!

— இரு மதினி. சத்தங் காட்டாத. 'இ' வரைக்கும் வந்துட்டாவ.