நிலவறைப் பாட்டு

முதலில ஒரு தேத்தண்ணி கிடைக்குமோ, லக்சனா தங்கச்சி? சீனி வேண்டாம், டயபிற்றீஸ். டெனிஷ் எனக்கு நல்லா வரும், முப்பத்திரண்டு வருசமா டென்மார்க்கில, இந்தக் கோல்டிங்கில இருக்கிறன். ஆனால் உண்மையைத் தமிழில சொன்னால்தான் வாய்க்கு இதமா இருக்கு. இந்தப் பொலிஸ்காரருக்கு நீங்கள் மொழிபெயர்த்துச் சொல்லுங்கோ.

நான் அழகரத்தினம். ஊருக்கு வெளியில இருக்கிற பழைய மாளிகையைக் கூட்டித் துடைச்சுப் பூட்டுறது என்ர வேலை. நானூறு வருசத்துக்கு முதல் அங்க யென்ஸ் மால்ட்கோ எண்டொரு அரசவை இசையமைப்பாளர் இருந்தவர். ராசா மண்டபத்தில இருந்து சாப்பிடுவார். மால்ட்கோவும் ஆக்களும் கீழ நிலவறையில இருந்து வாசிப்பினம். தரையில ஓட்டைகள், அதால சங்கீதம் மேல வரும். ராசாவுக்குப் பாட்டு வேணும், பாடுறவன்ர முகம் வேண்டாம். மனுசன் எழுதின ஒரு ஸ்வரம்கூட மிஞ்சேல்லை. மிஞ்சினது ஒரேயொரு கடிதம், நிலவறைக் குளிரில மூக்கு ஒழுகுது எண்டு.

எனக்குப் பாவமா இருந்தது. அதான் அந்தாளுக்கு ஒரு பாட்டுக் குடுத்தனான். பழைய பைபிளின்ர வெறுந்தாளில எழுதி, தேத்தண்ணியில நனைச்சுக் காயவைச்சு, அலுமாரிக்குப் பின்னால நானே கண்டெடுத்தன். பேராசிரியர்மார் வந்து அழுதவை. பேப்பரில என்ர படம் வந்தது. தரை துடைக்கேக்க என்னைக் கடந்து போற மேயர், அண்டைக்கு நிண்டு கை குடுத்தார்.

பாட்டு விமலாதேவி அக்கான்ர. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு எண்டு அவ மோகனத்தில கட்டினது. மகளைக் கூட்டிக்கொண்டு போக வெளியில நிண்டு நிண்டு எனக்கும் பாடமாப் போச்சு. கமகத்தைச் சீவி எறிஞ்சால் மோகனமும் வெள்ளைக்காரன்ர பழைய சாமான் மாதிரித்தான் கேக்கும். றேடியோவில போட்டாங்கள். அவ அடுப்படியில நிண்டு கேட்டிட்டா.

"தம்பி, இது என்ர பாட்டெல்லே?" எண்டு வந்து நிண்டா. "நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. நீங்களே சொல்லிப்போடுங்கோ."

நல்ல மனுசி. வருசக் கடைசிக் கச்சேரியில சொல்லுவம் எண்டன். நீங்கள் அந்தக் காலம் மாதிரி நிலவறையில நிண்டு பாடுங்கோ, பாட்டு முடிய நான் கதவைத் திறப்பன், மேல வந்து என்ர பாட்டு எண்டு எல்லாருக்கும் சொல்லுங்கோ, அதுவரைக்கும் மூச்சு விடாதேங்கோ எண்டன். அவவுக்குச் சந்தோசம். பட்டுச்சீலை உடுத்துக்கொண்டு வந்தா. கோட்டையும் ஃபோனையும் நான்தான் வாங்கி வைச்சன். பாடேக்க ஃபோன் அடிச்சால் குழப்பமெல்லே.

சும்மா சொல்லக்கூடாது, அருமையாப் பாடினா. சனம் எழும்பி நிண்டு கைதட்டினது. அவ கீழயிருந்து கதவைத் தட்டினா. சனம் அதையும் தாளமெண்டு நினைச்சு, அதுக்கேற்ற மாதிரித் தட்டிச்சுது. எனக்குச் சிரிப்பு வந்தது, மறைக்கேல்லை. பிறகு எல்லாரும் போயிட்டினம். ஓட்டைகளுக்கு மேல கம்பளத்தை விரிச்சுப்போட்டு மாளிகையைப் பூட்டினன். இனி மூண்டு நாலு மாசம் கழிச்சு ஈஸ்டருக்குத்தான் திறக்கிறது, வருசா வருசம் அப்பிடித்தான்.

அவவைத் தேடேக்க நானும் போனனான், இரண்டு கிழமை, மழைக்குள்ள. நோட்டீஸ் ஒட்டினது முழுக்க நான்.

ஒண்டை மட்டும் விடாமல் எழுதச் சொல்லுங்கோ, தங்கச்சி. ஈஸ்டர் கச்சேரிக்கு அடிச்ச நிகழ்ச்சி நிரலில மால்ட்கோவின்ர பேரை வெட்டிப்போட்டு "பாட்டு: விமலாதேவி" எண்டு போடுவிச்சது நான். காணாமல்போனவவின்ர பேரை அதில பாத்துத்தானே இந்தப் பொலிஸ்காரரே வந்தவர். மற்றவையின்ர சாமானைக் களவெடுக்கிற ஆள் நானில்லை.