டேங்க் காலியாக உள்ளது

இரவு பத்து மணி. கல்குவாரிக்குப் பின்னால் போகும் ஒற்றைச் சாலை... விளக்குக் கம்பம் கிடையாது. வீடு கிடையாது. எதிரே ஒரு வண்டி கிடையாது. அந்த நேரத்தில் அந்தச் சாலையில் போகவேண்டும் என்று எவனுக்கும் தலையெழுத்து இல்லை. ஆனால் பெர்மிட்டில் அந்த வழிதான் போட்டிருந்தது. பெர்மிட்டில் போட்டிருந்தால் ரூல்ஸ் மாமா லாரியைக் கிணற்றுக்குள்ளும் இறக்குவார்.

இது நம் பிளம்பர் நண்பனின் அக்காள் புருஷனுக்கு நடந்தது. பக்கத்தில் பிளம்பரும் இருந்தான். கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள்... இதை உரக்கச் சொன்னால் அவனுக்குப் பிடிக்காது.

ரூல்ஸ் மாமா என்பது அவருக்குத் தெருக்காரர்கள் வைத்த பெயர். ஒரு கம்பெனிக் கிடங்கில் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து ஓய்வுபெற்றவர். வீட்டு ஃபிரிட்ஜில் தக்காளிக்கு எந்தத் தட்டு, தயிருக்கு எந்தத் தட்டு என்று சீட்டு எழுதி ஒட்டியவர். கனரக வாகன லைசென்ஸைக் கெடு தவறாமல் புதுப்பித்து, ஒரு லாரியைக்கூடத் தொடாமல் பத்திரமாக வைத்திருந்தவர். ஓய்வுபெற்ற கையோடு பழைய கழிவுநீர் லாரி ஒன்றை வாங்கினார். வீட்டு செப்டிக் டேங்குகளை உறிஞ்சி எடுக்கும் லாரி.

"நீங்களா மாமா இந்த வேலை செய்யப்போறீங்க?" என்று பிளம்பர் கேட்டான்.

"நான் எதுக்கு மாப்ள? நான் முதலாளி. போன் எடுப்பேன். இறங்குறதுக்கு ஆளா கிடைக்காது?"

விற்றவனின் கொட்டகையில் ஒவ்வொரு பேப்பராக வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். இன்சூரன்ஸ், தற்காலிகப் பெர்மிட், புகைச் சோதனை. கடைசியாக ஒரு சான்றிதழ்: 'டேங்க் கழுவிச் சுத்தம் செய்யப்பட்டது. டேங்க் காலியாக உள்ளது.' கீழே வட்ட முத்திரை. அதைக் கண்டதும் மாமாவின் முகம், முதல் பேரனைக் கையில் வாங்கியவர் முகம்போல் ஆகிவிட்டது.

"இந்த வண்டியில வேலை பார்த்த ஆள் எங்கண்ணே?" என்று பிளம்பர் கேட்டான்.

விற்றவன் சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டான்.

"ஆளைப் பத்தி உனக்கு என்ன?" என்றார் மாமா. "வண்டி பேப்பர்ல ஆள் வராது."

கிளம்பினார்கள். நாற்பதுக்கு மேல் போகக் கூடாது என்று பெர்மிட்டில் இருந்ததால் முப்பத்தெட்டில் போனார். காற்றே இல்லாத சாலையில், யாரும் இல்லாத வளைவுகளில், இண்டிகேட்டர் போட்டுப் போட்டுத் திரும்பினார். பின்னாலிருந்து பிளீச்சிங் பவுடர் வாடை. அதற்கு அடியில் இன்னொரு வாடை... ஈரச் சட்டையை நாள்கணக்கில் சுருட்டி வைத்ததுபோல.

குவாரியைத் தாண்டியதும் கேட்டது.

தட்... தட்.

"ஏதோ லூசா இருக்கு மாமா."

"ஃபிட்னஸ் சர்டிபிகேட் வாங்கின வண்டிடா. லூசா இருக்காது."

தட்... தட்.

பிளம்பர் நிறுத்தச் சொன்னான். மாமா ஓரங்கட்டி, நான்கு பக்க விளக்கும் மினுக்க விட்டு, எஞ்சினை அணைத்தார். வண்டி நின்றது. ஆட்டம் நின்றது. சத்தம் மட்டும் நிற்கவில்லை. பொறுமையாக... கதவைத் திறப்பார்கள் என்று நம்பித் தட்டுகிறவன் தட்டுவதுபோல.

பிளம்பர் இறங்கிப் போய்த் மோதிரம் போட்ட விரலால் டேங்கின் வயிற்றில் மூன்று தட்டு தட்டினான்.

உள்ளேயிருந்து மூன்று தட்டு திரும்பி வந்தது.

"மாமா! உள்ள ஆள் இருக்கான்! கழுவ இறங்கினவனை வெச்சு மூடிட்டானுங்க!"

மாமா கதவைத் திறந்துகொண்டு இறங்கினார். டேங்கில் ஏறும் ஏணிப் பக்கம் போகவில்லை. ஃபைலை எடுத்துக்கொண்டு ஹெட்லைட் முன்னால் வந்தார்.

"இங்க பாரு. என்ன எழுதியிருக்கு? படி."

"தட்டுறான் மாமா..."

"காலியாக உள்ளது. முத்திரை இருக்கு. ரெண்டாவது, வழியில எங்கேயும் மூடியைத் திறக்கக் கூடாதுன்னு பெர்மிட்டுலயே போட்டிருக்கு. மூணாவது, ஸ்பானரைக் கீழ போடு."

இவருக்குக் காது கேட்காமல் இல்லை. ஆனால் உள்ளே ஆள் இருக்கிறான் என்று ஒப்புக்கொண்டால் அந்த முத்திரை பொய்யாகிவிடும். முத்திரை பொய்யென்றால், அவர் வாழ்ந்த வாழ்க்கையில் மிச்சம் என்ன இருக்கிறது? ஃபிரிட்ஜில் ஒட்டிய சீட்டு இருக்கிறது.

அந்த நேரம் பார்த்து ரோந்து ஜீப் ஒன்று வந்து நின்றது. பிளம்பருக்கு உயிர் வந்தது. போலீஸ்காரர் டார்ச்சோடு இறங்கினார்.

தட்... தட்.

"உள்ள யாருய்யா?"

மாமா சான்றிதழை நீட்டினார். போலீஸ்காரர் டார்ச் வெளிச்சத்தில் வாசித்தார். தட்... தட். முத்திரையை விரலால் தடவிப் பார்த்தார். தட்... அவ்வளவுதான், அவருடைய காதும் அடைத்துக்கொண்டது.

"எல்லாம் கரெக்டாத்தான் இருக்கு. போங்க சார்."

"சார், காதுல விழலையா?" என்று பிளம்பர் கத்தினான்.

"தம்பி குடிச்சிருக்காரா?" என்று மாமாவைக் கேட்டுவிட்டுப் போலீஸ்காரர் ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

மாமா ஸ்பானரைப் பிடுங்கித் தன் சீட்டுக்கு அடியில் போட்டுக்கொண்டு வண்டியைக் கிளப்பினார். முதுகுக்குப் பின்னால் தட்டல் மெல்ல மெல்லத் தேய்ந்தது. இடைவெளி நீண்டது. ஒரு தட்டு... ஒரு மைல். இன்னொரு தட்டு... அதற்குப் பிறகு இல்லை. முப்பத்தெட்டிலேயே போய்க்கொண்டிருந்தார் மாமா.

வீட்டு வாசலில் லாரி நின்றதும் பிளம்பர் சீட்டுக்கு அடியிலிருந்து ஸ்பானரை உருவிக்கொண்டு டேங்க்மேல் பாய்ந்து ஏறினான். நான்கு திருகு. மூடியைத் தூக்கினான். பிளீச்சிங் பவுடர் காற்று முகத்தில் அடித்தது.

"ஏய், டார்ச் கொண்டா!" என்று மாமா வீட்டுக்குள்ளே பார்த்துக் கூவினார். மனைவியை ஏய் என்று கூப்பிடக் கூடாதென்று எந்தச் சட்டத்திலும் இல்லாததால், முப்பது வருஷமாக அவளுக்கு அதுதான் பெயர்.

அக்காள் கொண்டுவந்து கொடுத்தாள். பிளம்பர் உள்ளே வெளிச்சம் அடித்தான். துருப்பிடித்த சுவர். காய்ந்த தரை. காலி.

"பாத்தியா? இப்ப என்ன சொல்றே? முத்திரை பொய் சொல்லாது மாப்ள. மனுஷன் காதுதான்..."

தட்.

மூடி திறந்திருக்கிறது. வெளிச்சம் உள்ளே இருக்கிறது. யாரும் இல்லை. தட்... தட்.

தெருவில் இரண்டு ஜன்னல்கள் திறந்தன. அதுதான் மாமாவைக் கெடுத்தது. நாலு பேர் பார்க்கும்போது அவருடைய பேப்பரை ஒரு சத்தம் பொய்யாக்குவதா?

"ஏதோ தகடு கழண்டிருக்கு. நானே எடுத்துக் காட்டுறேன்!"

"இறங்காதீங்க மாமா."

"என் வண்டி. சட்டப்படி என் பேர்ல இருக்கு."

இறங்கினார். முதலாளி, கையில் டார்ச்சோடு, முதல் தடவையாக. பேச்சு மட்டும் குறையவில்லை. டேங்குக்குள் அது பத்து மடங்கு பெரிதாக முழங்கியது. "இதோ பாரு, தரை காய்ஞ்சிருக்கு. இந்த மூலையும் சுத்தம். அந்த மூலையில என்ன... யாருடா நீ? யாரைக் கேட்டு..."

டார்ச் அணைந்தது.

"மாமா?"

பிளம்பர் விளிம்பில் குனிந்து இருட்டுக்குள் கை நீட்டினான். பிறகு ஒரு கை வந்து விளிம்பைப் பிடித்தது.

மாமாதான். அதே சட்டை, அதே மூக்குக் கண்ணாடி. ஆனால் இரண்டு படி ஏறவே பிடிமானம் கேட்கிற மனுஷன், முழங்கையை ஊன்றி, இடுப்பை ஒடித்து, ஒரே எம்பில் வெளியே வந்தார்... தினமும் பத்துத் தடவை ஏறி இறங்குகிறவன்போல. யாரும் சொல்லாமலே மூடியைச் சாத்தினார். நான்கு திருகையும் வெறுங்கையால் முறுக்கினார்.

அக்காள் துண்டை நீட்டினாள்.

"வேணாங்கம்மா," என்றார். "கை அழுக்கா இருக்கு."

முன்வாசல் வழியாகப் போகவில்லை. சுவர் ஓரமாக ஒதுங்கி நடந்து கொல்லைப்புறக் குழாயடிக்குப் போனார்.

அப்போது டேங்குக்குள் மறுபடி சத்தம். இந்தத் தட்டலில் பொறுமை இல்லை. ஆபீஸ் கவுன்ட்டரில் குமாஸ்தாவை எழுப்பத் தட்டுவதுபோல, அதிகாரமாக. டப்டப்டப்டப். கூடவே எங்கோ அடியாழத்திலிருந்து ஒரு குரல்... "மாப்ள! திற! இது சட்டவிரோதம்!"

பிளம்பர் ஸ்பானரை எடுத்தான். அக்காள் அவன் கையைப் பிடித்தாள்.

"தம்பி, அந்தப் பேப்பர்ல என்ன எழுதியிருக்கு?"

"காலின்னு... அக்கா, மாமா குரல்கா..."

"முத்திரை இருக்கா?"

"இருக்கு."

"அப்ப காலிதான். உள்ள வா, பனி பெய்யுது."

அவனை இழுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைத் தாழிட்டாள். தெருவில் ஜன்னல்கள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன. கொல்லைப்புறத்தில் குழாய் வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது. நின்றது. பின்கதவுக்கு வெளியே, படிக்குக் கீழே, நனைந்த கைகளைக் கட்டிக்கொண்டு அவர் நின்றார். உள்ளே கால் வைக்கவில்லை. முப்பது வருஷம் குடும்பம் நடத்திய வீட்டை, புதிதாக வேலைக்கு வந்தவன் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"அம்மா... நான் எங்க படுத்துக்கிறதுங்க?"